புல் உயரம்

இந்த ஆட்டத்துக்கு நாள் குறிப்பது
கல்யாணத்துக்குக் குறிப்பதைவிடக் கஷ்டம்.
அவர்களுக்கு ஓணம் விடுமுறை என்றால்
எங்களுக்கு மாதிரித் தேர்வு.
எங்களுக்குத் தீபாவளி, அவர்களுக்கு லேப்.
மிஞ்சுகிற நாளில்
படகெல்லாம் கடலில் கிடந்தால்
கைதட்ட ஆள் இருக்காது.

நான் புள்ளியியல் துறை.
விளையாட்டுக் குழுவில் பெண் ஒருத்தி வேண்டும் என்று
சுற்றறிக்கை வந்ததால் பொறுப்பாளர்.
ஆஃப்சைடு இன்னும் பிடிபடவில்லை.
பழைய இருப்புப் பதிவேட்டை மட்டும் படித்திருக்கிறேன்.
முதல் வருஷம்:
‘பந்து ஒன்று. பூட்ஸ் இல்லை.
கோல் வலை, தூத்தூர் கரையில் கடன்.
செதில் நீக்கித் திருப்பித் தரவும்.’

எல்லை பிரித்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது.
டாஸ் போட யார் பையிலிருந்து காசு என்று தகராறு.
கடைசியில் யாரோ ஒரு திருவிதாங்கூர்ச் சக்கரம் கொடுத்தார்கள்.
செல்லாக் காசு,
அதனால் இரண்டு பேருக்கும் சொந்தம்.
அன்றிலிருந்து
ஜெயித்தவர்களுக்குக் கோப்பை,
தோற்றவர்களுக்குச் சக்கரம்.

இந்த வருஷம்
மழைக்குத் தள்ளிப்போன செலவுக் கணக்கியலை
பல்கலைக்கழகம் கொண்டுவந்து போட்டது
ஆட்டத்தன்று காலையில்.
ரெக்சன், எங்கள் இடது விங்,
மூன்றாவது தடவை எழுதுகிறான்.
பதினொன்றுக்கே எழுந்துவிடுவான், வழக்கம் அது.
அறையில் மேற்பார்வை நான்.

பதினொன்று.
கை தூக்கினான்.
‘அடிஷனல் ஷீட், மிஸ்.’
நூல் கட்டிக் கொடுத்தேன்.
பன்னிரண்டு இருபதுக்கு
இன்னொன்று.
ஒரு ஆசிரியை நினைக்கக் கூடாததை
நினைத்தேன்:
போதும்டா.

ஒன்று அடித்ததும் என் ஸ்கூட்டரில் ஏற்றினேன்.
பின்னால் உட்கார்ந்து ஷின்கார்டு கட்டிக்கொண்டே வந்தான்.
களியக்காவிளைச் சோதனைச் சாவடியில்
கோழி லாரிகள்,
கோழி லாரிகள்.
ஆட்டம் இரண்டு மணிக்கு.
போய்ச் சேர்ந்தது இரண்டே முக்காலுக்கு.

மைதானத்தில் இருபத்தொரு பேர்
முட்டிபோட்டுத் தரையைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.
எங்கள் ஜெனிஷும்தான்.
நடுவர் கடிகாரத்தைப் பார்ப்பதும்
வானத்தைப் பார்ப்பதுமாக.
‘சக்கரம் விழுந்து போயி, சாரே,’ என்றான்
அவர்கள் கேப்டன் ஸ்ரீராக்,
‘அதில்லாமல் டாஸ் போடுகிற பழக்கம் இல்லையே.’

அந்த மைதானம் சுத்தச் செம்மண்.
ஒரு பொத்தான் விழுந்தால்
ரோட்டிலிருந்தே தெரியும்.

ரெக்சன் இரண்டாவது பூட்ஸின் நாடாவை இழுத்து முடிந்தான்.
‘கிட்டிப் போயி!’

நாலுக்கு ஒன்று, தோற்றோம்.
அதில் மூன்று ஸ்ரீராக் அடித்தது,
கொஞ்சமும் இரக்கமில்லாமல்.
பிறகு வந்து என் கையில் சக்கரத்தை வைத்தான்.
மண் ஒரு துளி ஒட்டவில்லை,
உள்ளங்கைச் சூடு மட்டும்.

தேர்வு முடிவு இன்னும் வரவில்லை.
பதிவேட்டில் இன்று எழுதினேன்:
‘ஆட்டம் ஐம்பது நிமிடம் தாமதம்.
காரணம், புல் உயரம்.’