போடுங்கோ, நூருங்கோ

ஓடும்வரைக்கும் ஒன்றுமில்லை.
காற்று தானாக வந்து
றேடியேற்றரைத் தடவிவிட்டுப் போகும்.
பஸ் நிலையத்தடி நெரிசலில் நின்றோம்.
முள் ஏறத் தொடங்கியது:
பாதி, முக்கால், சிவப்புக் கோட்டின் விளிம்பு.

"நிப்பாட்டுங்கோ" என்றேன்.
நான்கு நாளில் அவருக்கு நான் சொன்ன முதற்சொல்.

வெள்ளிக்கிழமை. நவ்சாத்தின் கராஜ்
ஜும்மா முடிந்து இரண்டரைக்குத்தான் திறக்கும்.
பள்ளிவாசல் படியில் நின்று போனை எடுத்தான்.
"மூடியத் திறந்துராதீங்க அக்கா, மூஞ்சி வெந்திரும்.
ஆறட்டும். பிறகு ஏஸியப் போட்டுப் பாருங்க,
விசிறி சுத்தணும்."
சுற்றவில்லை.
"அப்ப வயர் வழிதான் தேடணும்.
நீங்க கரண்டு சபைதானே?"

கரண்டு சபைதான்.
பதினொரு வருடமாக ஊரார் வீட்டு மீற்றர்ப் பெட்டிகளில்
கள்ளக் கொழுக்கியும் கருகிய முனையும் தேடுகிறவள்.
கைப்பையில் சோதனை விளக்கொன்று
பவுடர் டப்பியோடு எப்போதும் கிடக்கும்.

பியூஸைப் பிடுங்கி வெயிலுக்கு நேரே பிடித்தேன்.
உள்ளே அந்தச் சின்னத் தகடு அறாமல் இருந்தது.
விசிறிக்கும் ஹோர்னுக்கும் ஒரே அச்சு ரிலே.
இடம் மாற்றிச் செருகி, "அடியுங்கோ" என்றேன்.
அடித்தார்.
மான்கள் நிமிரவே இல்லை.
பஸ் இரைச்சலுக்குள் பிறந்து
சொப்பின் பைக்குள் பழத்தோல் தேடும் மான்கள்.
"வேலை செய்யுது."
"அப்ப ரிலே இல்லை."

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும்.
ஒருவர் திறப்போடு உள்ளே,
ஒருவர் விளக்கோடு வெளியே,
நடுவில் தூக்கி நிறுத்திய பொனற்.
முகம் தெரியாது. குரல் மட்டும்.
"போடுங்கோ."
"போட்டாச்சு."
"நூருங்கோ."
"நூர்த்தாச்சு."
கலியாணம் கட்டி ஒன்பது வருடம்,
இவ்வளவு கச்சிதமாக நாங்கள் பேசினதில்லை.

பற்றரியிலிருந்து இரண்டு துண்டு வயரை இழுத்து
நேரே மோட்டருக்குக் கொடுத்தேன்.
உறுமிக்கொண்டு சுழன்றது,
எப்போதோ விழுந்த வேப்பஞ்சருகை
என் முகத்திலேயே அடித்தது.
உயிர் இருக்கிறது.
அப்படியானால் வருவது வரவில்லை,
அல்லது போவது போகவில்லை.

வரும் வயரில் விளக்கு எரிந்தது.
கவ்வியை நேர்முனைக்கு மாற்றிக்கொண்டு
போகும் வயரைத் தொட்டேன்.
இருட்டு.

அந்தக் கறுத்த வயரைப் பிடித்துக்கொண்டே போனேன்.
பற்றரித் தட்டின் கீழே ஒரு நட்டு.
இறுக்கமாகத்தான் இருந்தது, ஆட்டினால் ஆடவில்லை.
வளையத்துக்கும் தகட்டுக்கும் இடையில்
கடற்காற்று உட்கார்ந்து பச்சையாய்ப் பூத்திருந்தது.
எத்தனை மாதமோ.
இதில் உவமை ஒன்றும் தேடாதே என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன். நட்டு நட்டுத்தான்.

ஸ்பானரை நான் கேட்கவில்லை.
இறங்கி வந்து நீட்டினார்.
"பத்துத்தானே?"
"பத்துத்தான்."
நகம் ராவும் அரத்தால் சுரண்டினேன்,
செம்பு சிவக்கும்வரை.

ஏஸியைப் போட்டதும் சுழன்றது.
இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம்,
பிறந்ததிலிருந்து விசிறியே காணாதவர்கள் மாதிரி.
பிறகு அவர் தன் பக்கக் கதவாலும்
நான் என் பக்கக் கதவாலும் ஏறினோம்.

போய்க்கொண்டிருந்தது தம்பலகாமத்துக்கு,
அவருடைய அக்கா வீட்டுக்கு.
எனக்குச் சொல்லாமல்
அவர் பிணைக் கையெழுத்து வைத்த லோன்
அந்த வீட்டுக்குத்தான் கூரை போட்டது.

சீனக்குடாவில் ரயில் கடவை மூடிவிட்டது.
நின்றோம்.
முள் ஏறியது. இருவரும் அதையே பார்த்தோம்.
முன்னால் எங்கோ ஒரு 'டிக்',
பிறகு இரைச்சல். முள் இறங்கியது.
இரைச்சல் ஓய்ந்தது.

"ஐயோ, நிண்டுட்டுது" என்றார்.
"நிக்கத்தான் வேணும். ஆறிட்டுது."

ரயிலை இன்னும் காணவில்லை.
"எவ்வளவுக்குக் கையெழுத்து வைச்சனீங்கள்?"

முள்ளைப் பார்த்தபடியே
தொகையைச் சொன்னார்.