இரண்டாம் பக்கம்

இசைத்தட்டுத் தொழிற்சாலையில் எனக்கு இரண்டாம் பக்கம்.
பலகைத் தடுப்புக்கு அந்தப்புறம்
டோரீனுக்கு முதல் பக்கம்.
ஐம்பதுக்கு ஒன்று எடுத்து முழுதாகக் கேட்கவேண்டும்.
இசையை அல்ல.
'டிக்' என்றால் ஒரு கோடு,
'கர்' என்றால் இரண்டு.
நாலாவது கோட்டில் மொத்தக் கட்டும் உருக்கப் போகும்.

எழுபத்து நாலு ஜனவரி.
வாரத்தில் மூன்று நாள்தான் மின்சாரம்.
ஹேய்ஸின் வானம் பாத்திரம் கழுவிய தண்ணீர்.
அப்போதுதான் வந்தது அந்தத் தட்டு:
இரு பக்கமும் சேர்த்து ஒரே பாட்டு,
அட்டையில் கடலுக்குள் நிற்கும் ரயில் நிலையம்.

ஏழு ஏழாய் எண்ணும் தாளம்.
பேருந்து நிறுத்தம்வரை அதில் நடந்து பார்த்தேன்.
'ஒன்று' ஒருமுறை வலது காலில் விழும்,
மறுமுறை இடது காலில்.
குடித்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார் நடத்துனர்.

ஒன்பதாம் நிமிடத்தில்
டிரம்மர் ஒரு குச்சியைத் தவறவிடுகிறான்.
அதற்கு நான் கோடு போட்டதில்லை.
வேறு குச்சி எடுக்கும்வரை
ஒற்றைக் கையால் அவன் ஏழையும் காப்பாற்றும்
அந்த இரண்டு நொடிக்காக
ஐம்பதாவதை நாற்பதிலேயே எடுத்ததுண்டு.

"உன் பக்கத்தில் என்ன?" என்பேன் கேன்டீனில்.
"மணி. அப்புறம் மழை.
அப்புறம் புல்லாங்குழல், தும்மல் வரப்போகிற மாதிரி.
உன்னுதில்?"
"கடைசியில் யாரோ கிளம்புகிறார்கள்."

அப்படித்தான் கேட்டது எனக்கு.
எல்லாம் ஓய்ந்தபின் மெல்லோட்ரான்
புதிதாய் ஒரு மெட்டை எடுக்கும்,
எடுத்ததும் தட்டு தீர்ந்துவிடும்.
அந்தத் துணிச்சலில்தான்
ரெஜினால்டின் மோதிரத்தை
உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினேன்.

போன செவ்வாய், ஸ்லவ்,
தர்மக் கடையில் மூன்று பவுண்டு.
பென்சில் இல்லாமல், முதல் பக்கத்திலிருந்து.
மணி. மழை. டோரீன் பொய் சொல்லவில்லை.
நாலாம் நிமிடத்தில், தும்மலுக்குச் சற்று முன்னால்,
அதே மெட்டு.
சின்னதாய், பல் முளைக்காததாய்.

அப்படியென்றால் கடைசியில் அவர்கள் கிளம்பவில்லை.
வந்து சேர்ந்திருக்கிறார்கள்.
ஐம்பது வருடம் தலைகீழாய்ப் பிடித்திருந்தேன் வரைபடத்தை.
(மோதிரத்தைப் பற்றி வருத்தமில்லை.
தப்பான வரைபடமும் சிலரைச் சரியான ஊரில் இறக்கிவிடும்.)

திரும்ப வைத்தேன் ஊசியை.
இந்த முறை மழைக்குள் ஒரு 'டிக்'.
பிறகு இன்னொன்று.
'கர்'.
கை தானாகப் பென்சிலைத் தேடியது.

டோரீன்,
இதை எப்படி வெளியே விட்டாய்?
நீயும் அன்றைக்குக்
கேட்டுக்கொண்டு இருந்துவிட்டாயா?