திருவள்ளூர் லோக்கல் போகட்டும்

வக்கீல் நேற்றே போனில் சொல்லிவிட்டார்:
"நாளைக்கு ஷேவ் பண்ணிடாதீங்க தணிகாசலம்.
நாலு நாள் தாடி அப்படியே இருக்கட்டும்.
பாத்தா பாவமா இருக்கணும்."
தேனாம்பேட்டையில் பத்தரைக்கு விசாரணை.

இப்போது மணி ஐந்தே முக்கால்.
வியாசர்பாடி, ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி.
ஸ்டவ்வில் தண்ணீர் முணுமுணுக்கிறது.

பெல்ட்டின் கொக்கியை ஜன்னல் கம்பியில் மாட்டி
மறுமுனையைக் கால் கட்டைவிரலில் சுற்றி
விறைப்பாக இழுத்துக்கொண்டு
கத்தியைத் தீட்டுகிறேன்.
போக ஒன்று. முதுகில் புரட்டி, வர ஒன்று.
இந்த பெல்ட் இடுப்பை விட்டுப் பதினாலு மாசம்.
ஒற்றைக் கையால் மாட்டி முடிப்பதற்குள்
இரண்டு பஸ் போய்விடும்.
எலாஸ்டிக் பேண்ட்டுக்கு மாறிவிட்டேன்.
பெல்ட்டுக்கும் வேறு வேலை கிடைத்துவிட்டது.
எனக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை.

"இருபது ரூபாய்க்கு ரேசர் விக்குது, எதுக்கு இந்தக் கத்தி?"
கேட்கிறவர்களுக்கு ஆளுக்கொரு பதில் உண்டு.
கீழ்வீட்டு லூர்துராஜிடம், தோல் தடிக்குது என்பேன்.
வத்சலாவிடம், காசு மிச்சம்.
எனக்கான பதிலை இன்னும் யோசிக்கவில்லை.

சலூனுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன்.
மூன்றாம் முறை சிங்காரவேலு காசு வாங்கவில்லை.
"இருக்கட்டும்ணே" என்றார்,
தொங்கும் சட்டைக்கையைப் பார்த்தபடி.
அத்தோடு சரி.
சௌகார்பேட்டையில் பேரம் பேசி வாங்கினேன் இதை.
கடைக்காரர் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.
அவரை எனக்குப் பிடித்துப்போனது.

சவரம் இரண்டு கை வேலை.
ஒன்று கத்தி பிடிக்கும்,
ஒன்று தோலை இழுத்துக் கொடுக்கும்.
எனக்கு மிஞ்சியது இழுத்துக் கொடுத்த கை,
பீச்சாங்கை.
இதனால் பணம் நீட்டினால்
பால்காரம்மா மேடையில் வை என்று கண்ணால் காட்டும்.
அதற்குக் கத்தியைக் கொடுத்துவிட்டு
தோலை இழுக்க ஆள் தேடினேன்.
நாக்கு வந்தது, உள்ளிருந்து முட்டுக்கொடுக்க.
மூச்சு வந்தது. பிடித்து நிறுத்தினால் கன்னம் பூரி.
மேலுதட்டைப் பல் பார்த்துக்கொள்கிறது.
தாடையோரத்துக்கு மட்டும்
நெற்றிப்பொட்டைக் கதவு நிலையில் அழுத்தி
மெல்லக் கீழே சரிய வேண்டும். தோல் மேலே ஏறும்.
எதிர்வீட்டுப் பையன் பார்த்துவிட்டு
"அங்கிள் கதவோட சண்டை போடுறாரு" என்று
மாடி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான்.

கண்ணாடியில் நிற்பவனுக்கு வலக்கை இருக்கிறது.
அவனுக்குப் போனது இடது.
கொடுத்துவைத்தவன்,
கையெழுத்தாவது ஒழுங்காகப் போடுவான்.

கழுத்து கடைசி.
கத்தியை வைக்குமுன் காதை வைக்கிறேன்.
திருவள்ளூர் லோக்கல் வந்தால்
சொம்புத் தண்ணீர் வட்டம் போடும்,
கண்ணாடி ஆணியில் தட்டும்.
போகட்டும்.
போனது.
அடுத்ததற்குள் ஆறு நிமிடம் எனக்கு.

அம்பத்தூர் பிரஸ் மெஷினுக்கு டைம்டேபிள் கிடையாது.
மிதிக்காமலே இரண்டாம் தரம் இறங்கியது.
மிதித்தேன் என்கிறது கம்பெனி.
இறங்கியதா, மிதித்தேனா,
பத்தரைக்கு அதைத்தான் பேசப்போகிறார்கள்.
ஊனம் எண்பது சதவீதம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார்.
மீதி இருபது
இப்போது தொண்டைக்குழியிலிருந்து
மேலே ஏறிக்கொண்டிருக்கிறது.

ஒரு பொட்டு ரத்தம்.
படிகாரம் எடுக்க
கத்தியைக் கீழே வைக்க வேண்டும்.
கத்தியை வைக்குமுன் துடைக்க வேண்டும்.
துண்டு தோளில், தோள் ஈரம்.
வரிசையில் நிற்கச் சொன்னேன்,
ரத்தம் நின்றது.

பஸ் ஸ்டாப்பில் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
வத்சலா என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்,
தேங்காய் வாங்குகிறவள் மாதிரி.
"வக்கீல் திட்டப்போறாரு" என்றாள்.
அப்புறம்,
"காதுக்குக் கீழ கொஞ்சம் விட்டுட்டியே."

"அது வக்கீலுக்கு."