நண்பகலில் சுருங்கும் மரம்

மூன்று விலைப்பட்டியல்கள்
சாப்பாட்டு மேசையில் பத்து நாளாய்க் கிடந்தன.
ஒன்றின்மேல் ரசச் சட்டி வைத்த வட்டம்.

முதலாவது வானத்திலிருந்து பார்க்கும்,
ஐந்து நாளுக்கு ஒருமுறை, மேகம் இல்லாவிட்டால்.
இரண்டாவது மண்ணுக்குள் இறங்கும்:
ஒன்றரை முழக் குழாய், சாணுக்கொரு கண்.
மூன்றாவது மரத்தை ஒரு பட்டையாய்ச் சுற்றிப் பிடித்து
அது மெலிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும்.

விற்க வந்த பையன் பெயர் லாக்லன்.
சப்பாத்தில் சேறில்லை.
'இதை வைத்தால் நிம்மதியாய்த் தூங்கலாம்' என்றான்.

குணமலர் கேட்டாள்:
பற்றரி எத்தனை வருடம்?
கம்பெனியை மூடினால் எங்கள் எண்கள் யாருடையவை?
சிக்னல் எட்டாத கிழக்கு மூலையில் இது என்ன செய்யும்?
முதல் கேள்விக்குப் பதில் சொன்னான்.
இரண்டாவதுக்குச் சிரித்தான்.
மூன்றாவதை எழுதிக்கொண்டான்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
ரென்மார்க்கில்
ஆற்றிலிருந்து எடுப்பதற்கும் அளவு.
எங்கள் வேலிக்கு முந்நூறு மீட்டரில் முர்ரே போகிறது,
பச்சையாய், அவசரமில்லாமல்,
காலையில் ஒரு விலை
மாலையில் ஒரு விலை.
அந்த வருடம் அது ஏறிய ஏற்றத்தில்
தோடை மரம் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தாலே
எனக்கு வங்கி மேலாளரின் முகம் வந்தது.

கடைசியில் இரண்டாவதை வாங்கினோம்,
நாலாம் துண்டுக்கு மட்டும்.
மூன்றாவதில் ஒன்றே ஒன்று,
ஆசைக்கு.

ஜனவரி. நாற்பத்துநாலு பாகை.
இலைகள் நாணயத்தைப் பொத்திய கைகளாய்ச் சுருண்டன.
திரையில் மண் சொல்கிறது:
போதும், இன்னும் ஒன்றரை நாளைக்கு.
எனக்கோ பதினோரு வருடப் பழக்கம்,
வெயில் எரித்தால் வால்வைத் திற.
வேலிக்கு அப்பால் மானோலியின் குழாய்கள் எல்லாம் ஓடின.
அவன் கையை உயர்த்தினான்.
விசாரிக்கிறானா, அனுதாபப்படுகிறானா, தெரியவில்லை.

மூன்று முறை வால்வுவரை போய்த் திரும்பினேன்.
நான்காம் முறை
குணமலர் அங்கே முன்னமே நின்றாள்.
'காசு கொடுத்து வாங்கிவிட்டு
நம்பாமல் இருக்கிறது இரட்டைச் செலவு' என்றாள்.
சொன்னவளின் பார்வையும் வால்வில்தான் இருந்தது.

மண்வெட்டியை எடுத்தேன்.
மேலே ஒரு சாண் வெறும் புழுதி.
முழங்கை ஆழத்தில்
அள்ளிப் பிடித்த மண் உருண்டையாய் நின்றது,
கொழுக்கட்டை மாப் பதத்தில்.
அப்படியென்றால் இத்தனை வருடம் நான் ஊற்றியதில்
வேரைக் காணாமலே கீழே போனது எவ்வளவு?
அடியிலிருக்கும் உப்பைக் கிளப்பிக்கொண்டு
ஆற்றுக்கே திரும்பிப் போனது எவ்வளவு?
பென்சிலை எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.

அன்றிரவு, ஆசைக்கு வாங்கியதன் கோட்டைப் பார்த்தேன்.
நண்பகலில் மரம் சுருங்குகிறது,
ஒரு தலைமயிரின் தடிப்பு.
இருட்டியபின் மெல்ல மெல்ல விரிகிறது.
நாள்தோறும்.
நான் அதில் சாய்ந்துகொண்டு
மதியச் சோறு தின்ற நாட்களிலும்.
விடியும்வரை அந்தக் கோடு ஏறுவதையே பார்த்திருந்தேன்.
தூக்கத்தைப் பற்றி லாக்லனிடம் பேச வேண்டும்.

பெப்ரவரியில் ஒருநாள்
அதிகாலை மூன்று மணிக்குக் கைபேசி அலறியது:
நாலாம் துண்டு. தண்ணீர் திறந்து இரண்டு மணித்தியாலம்.
ஈரம் ஏறவில்லை.
டார்ச் லைட்டோடு ஓடினால்
கொரெல்லாக் கூட்டம் பகலில் கடித்துத் துப்பிய குழாய்,
பதினேழு ஓட்டை,
பதினேழும் நிலவை நோக்கிப் பீய்ச்சின.
சென்சரின் வயரையும் பாதி தின்றிருந்தன.
மிச்சப் பாதியால்தான்
அது எங்களை எழுப்பியிருக்கிறது.

காலையில் மானோலி வந்தான்,
பை நிறையக் குழாய் இணைப்புகளோடு.
வேலை முடியும்வரை ஒன்றும் கேட்கவில்லை.
போகும்போது தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டு,
'எவ்வளவு மிச்சம்?' என்றான்.

சொன்னேன்.

நம்பவில்லை.
மண்வெட்டியை வாங்கி
அவனே தோண்டினான்.
ஒரு பிடி அள்ளி,
கையை மூடி,
நெடுநேரம்
திறக்காமல் நின்றான்.