இடது காலுக்கு வேலையில்லை

புதுப்பேட்டையில் அந்தக் கியர்பாக்ஸ்
ஒரு வாஷிங் மெஷினுக்கும் இரண்டு ஆட்டோ சீட்டுக்கும் நடுவே
மல்லாந்து கிடந்தது.
ஏதோ தூதரகத்தின் க்ரெஸ்ஸிடா,
ஏலத்தில் போய் உடைபட்டதாம்.
ஆட்டோமேட்டிக். நாலு கியர், நாலாவது ஓவர்டிரைவ்.
"ஓடுமா?" என்றேன்.
கடைக்காரர் உள்ளே விரலை விட்டுத் தொட்ட எண்ணெயை
என் மூக்கருகே நீட்டினார்.
கருகல் இல்லை. பழைய நகப்பூச்சு நிறம்.
கேரண்டி அவ்வளவுதான்.

என்னுடையது ட்ரையம்ப்,
அறுபத்து நாலாம் வருடத்து மாடல், இரண்டே சீட்.
அதன் கிளட்ச்சை மிதிப்பது
அரிசி மூட்டையைக் காலால் நகர்த்துவது.
போன ஆடியில் என் இடது முழங்காலுக்குள் உலோகம் வைத்தார்கள்.
"கார் ஓட்டலாம், அந்தக் கார் வேண்டாம்" என்றார் டாக்டர்,
ஊறுகாயைத் தள்ளிவைக்கச் சொல்கிறவர்போல.

செய்தி பரவி
கேப்டன் பொன்னையா ஃபோன் செய்தார்.
"ஒரிஜினல் வண்டியைக் கெடுக்கிறீங்களே" என்று
விம்மாத குறை.
கடைசியில் ஒரு விலை சொன்னார்,
துக்கம் கேட்க வந்த வீட்டில்
பீரோவை அளந்து பார்க்கிறவர்போல.

வில்லிவாக்கத்தில் இத்ரீஸின் பட்டறை.
டனலை அறுக்குமுன் அவர் ஒருமுறை கேட்டார்:
"மேடம், வெட்டிட்டா வெட்டினதுதான்."
வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டு
டீக்கடையில் போய் ஒளிந்துகொண்டேன்.
கிரைண்டர் அங்கேயும் வந்து அலறியது.
"பக்கத்துல பல் டாக்டரா?" என்றார் டீ மாஸ்டர்.

இங்கிலாந்து எஞ்சினின் போல்ட்டுகளும்
ஜப்பான் பெட்டியின் துளைகளும்
மண்டபத்தில் முகம் கொடுக்காத சம்பந்திகள்.
நடுவே அலுமினியத்தில் ஒரு தரகர்,
அம்பத்தூர் லேத்தில் பிலோமினாள் கடைந்த தட்டு.
முதல் தட்டு அரை மில்லி ஓரம்.
தூக்கிப் போட்டாள். என் பணம்தான்.
இரண்டாவது உட்கார்ந்தது.

கார்புரேட்டரிலிருந்து பெட்டிக்கு
மெல்லிய கேபிள் ஒன்று ஓடுகிறது.
நான் எவ்வளவு மிதிக்கிறேன் என்று
உள்ளே போய்ச் சொல்லும் கோள்மூட்டி.
அது இரண்டு மில்லி பொய் சொன்னால்
தட்டுகள் எல்லாம் கருகிய அப்பளம்.
மூன்று ஞாயிற்றுக்கிழமை
அந்தப் பொய்யைத் தேடினோம்.

முதல் நாள், பாடி மேம்பாலம்.
பழக்கத்தில் இடது கால் பாய்ந்து
அகலமான பிரேக்கின் மேல் இறங்கியது.
பின்னால் தண்ணி லாரி கிறீச்சிட்டு நின்றது.
"யக்கோவ், பாலத்த வெலைக்கி கேக்கிறியா?"

பிறகு ஒரு விடியல், முட்டுக்காடு தாண்டி.
வேகமானி மைலில் பேசும், இப்போது அதுவும் தப்பு.
மடியில் கிடந்த ஃபோன் எண்பது என்றது.
பெட்டிக்குள் ஏதோ யோசித்தது.
இரண்டாயிரத்து ஐந்நூறில் நின்ற முள்
ஆயிரத்து எண்ணூறுக்குச் சரிந்தது.
பக்கத்து அறையில் யாரோ தூங்குவது
நினைவுக்கு வந்ததுபோல்
எஞ்சின் குரலைத் தாழ்த்திக்கொண்டது.
சவுக்கு மரங்கள் அதே வேகத்தில்தான் பின்னால் போயின.
கோவளம் வரை நான் எதையும் மாற்றவில்லை.

இடது கால் மட்டும்
ஆள்குறைப்பில் போன கிளார்க் மாதிரி
ஒவ்வொரு சிக்னலுக்கும் ஆஜராகி
வெறும் பாயில் ஒரு மிதி மிதித்துவிட்டு
அடங்குகிறது.

பழைய கியர்பாக்ஸை பொன்னையாவே வாங்கிக்கொண்டார்.
ஒரிஜினல் ஆயிற்றே.
இரண்டு பையன்கள் மாடியிலிருந்து இறக்கினார்கள்,
ஒருவன் கைலியில் எண்ணெய் சொட்ட.
கிளட்ச் பெடலை மட்டும் நான் சொல்லவில்லை.
ஷூ ஸ்டாண்டில் இருக்கிறது.
அதன் ரப்பர் வலது ஓரமாகத் தேய்ந்திருக்கிறது.
நான் எப்போதும் நடுவில் மிதிப்பவள்.
யாரோ, எனக்கு முன்னால்,
பாதத்தைச் சற்றே சாய்த்து.