மூச்சு விடும் இடம்

என் வாத்தியத்துக்கு வாய் வேண்டாம்.
வலது முழங்கைக்குக் கீழே துருத்தி,
இடது கையணைப்பில் தோல்பை,
தொடைமேல் குழாய்கள்.
வாசித்துக்கொண்டே பியர் கேட்கலாம்,
வானிலையைத் திட்டலாம்.
லீட்ரிமில் அதற்குப் பஞ்சமே இல்லை.

அட்ராக்டாவுக்கு அப்படி இல்லை.
கருமரக் குழல். சாவிகள் எட்டு,
அதில் இரண்டு ஒட்டிக்கொள்ளும்.
ரீல் என்றால் நிற்காத ஓட்டம்:
கட்டியவர்கள் மூச்சுக்கென்று
ஒரு படிகூட வைக்காமல் போய்விட்டார்கள்.
எங்கேயாவது ஒரு சுரத்தை
அவள் விழுங்கித்தான் ஆகவேண்டும்.
பிழையில்லை அது.
அந்தக் குழியில் இறங்கித்தான்
மெட்டு துள்ளி எழும்.
எதை விடுகிறாள் என்பதை வைத்து
கதவுக்கு வெளியே நின்றே சொல்லிவிடலாம்,
உள்ளே வாசிப்பது அவள் என்று.

வியாழக்கிழமை, இரவு ஒன்பதரை,
கிங்கெல்லாவின் மதுக்கடைப் பின்மூலை.
பிடிலோடு ஈட்டா.
பகலில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவள்;
மூன்று முறை கை கழுவாமல்
வில்லைத் தொடமாட்டாள்.
கான்செர்டினாவோடு லோர்க்கன்.
ஒரே பொத்தான்,
தள்ளினால் ஒரு சுரம், இழுத்தால் வேறொன்று;
தான் முப்பது வருடம் குப்பை கொட்டிய தபால் இலாகாவும்
இதே வார்ப்புத்தான் என்பான்.
ஆட்டுத்தோல் போரானோடு மலாக்கி.

மலாக்கியும் அட்ராக்டாவும்
பதினோரு வருடம் கணவன் மனைவி.
பிறகு கோர்ட்டு, வீடு விற்றது,
ஊர்வாயை மூட உலைமூடி ஏது,
ஒரு குளிர்காலம் முழுக்க அதே பேச்சு.
எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள்,
ஃப்ரீசரில் இருந்த இறைச்சியைக்கூட.
வியாழக்கிழமை யாருக்கு என்று மட்டும்
தீர்ப்பாகவில்லை.
எனவே இருவரும் வருகிறார்கள்,
நடுவில் என்னை உட்காரவைத்து.
ஆறு வருடமாக நான் ஒரு வேலி.

வேலிக்குத் தெரிந்த ஒன்று:
அவள் மூச்சு வாங்கும் இடத்தில்
அவன் கோல் விழாது.
உள்ளங்கையால் தோலை அழுத்தி
நூலிழை மௌனம் ஒன்று வைப்பான்,
கை நிறையச் சுமையோடு வருகிறவளுக்குக்
கதவைப் பிடித்து நிற்பதுபோல.
நாங்கள் மூச்சுமுட்டிச் செத்தாலும்
அடித்துக்கொண்டே இருப்பான்.

போன வாரம் மழை.
தொய்ந்த தோலைக் கணப்பில் காட்டிக்காட்டி
வழிக்குக் கொண்டுவந்திருந்தான்.
இரண்டாவது ரீல்.
ஏழாவது கட்டத்தில் அவள் இடம்.
கதவைப் பிடித்து நின்றான்.
அவள் வரவில்லை.
நான்கிலேயே வாங்கிவிட்டிருந்தாள்.
அடுத்த சுற்றில் மூன்றில்,
பிறகு ஐந்தில், உடனே மறுபடியும்.
பல்லுதிர்ந்த சீப்பாகிவிட்டது மெட்டு.
அவன் கோல் தடுமாறி
அவள் மூச்சின்மேலேயே விழுந்தது,
நானறிய முதல் முறை.

போரானைக் கவிழ்த்து மடியில் வைத்தான்.
ஈட்டா வில்லைத் தளர்த்தினாள்.
லோர்க்கன் எதையும் கவனிக்காமல்
தள்ளி இழுத்துக்கொண்டிருந்தான்.
நான் அடிச்சுருதிக் குழாய்களை அடைத்தேன்,
மிச்சமிருப்பது கேட்கட்டும் என்று.

முடித்தாள். யாரோ கைதட்டினார்கள்.
குழலை மூன்றாகக் கழற்றி,
கம்பியில் துணி சுற்றி,
தேவைக்கு மேலேயே துடைத்தாள்.

"எத்தனை நாளா?" என்றான் மலாக்கி,
என் மடியைத் தாண்டி.
"நோன்பு ஆரம்பிச்சதிலேருந்து."
"யாராவது பாத்தாங்களா?"
"செவ்வாய்க்கிழமை. ஸ்லைகோவில ஸ்கேன்."
"பஸ்லயா?"
அவள் துணியை நான்காக மடித்தாள்.
"எட்டரைக்கு வீட்டு வாசல்ல நிப்பேன்."
"எந்த வீடுன்னு தெரியுமா உனக்கு?"
"தெரியும்."

என் வாய் சும்மாதான் இருந்தது.
வாசித்துக்கொண்டே
எதை வேண்டுமானாலும் பேசலாம் நான்.
துருத்தியை அழுத்தி
மெதுவான ஒன்றைத் தொடங்கினேன்,
வரிக்கு வரி வெட்டவெளி உள்ள ஒன்று.
சற்றுப் பொறுத்து, கீழ்ச்சுரத்தில்
குழலும் வந்து சேர்ந்தது,
நினைத்த இடத்தில் நின்று, நினைத்தபோது கிளம்பி.

அதற்குத் தாளம் கிடையாது.
மலாக்கிக்கும் அது தெரியும்.
இருந்தும் போரானை நிமிர்த்தி
உள்ளங்கையைத் தோலின்மேல்
வைத்தபடியே இருந்தான்.