மூன்றாம் ஸ்டேஜ்

வாங்கிய இரண்டாம் கிழமை தொடங்கியது சத்தம்.
டிக். டிக். டிக்.
பேஸ்லைன் வீதியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது
பக்கத்து ஓட்டோக்காரர் தலையை நீட்டி
"டெபட் தம்பி" என்றார்.
கேட்டேனா அவரிடம்?

ஒற்றைச் சிலிண்டர், காற்றில் ஆறும் எஞ்சின்.
லீஸிங்கில் இன்னும் இருபத்தெட்டு மாதம்.

பஞ்சிகாவத்தையில் ரயர்க் கடைக்கும்
ரேடியேட்டர்க் கடைக்கும் நடுவில்
ஒரு கதவகலத்தில் றிம்சானின் கராஜ்.
ஹெட்டைத் திறந்து கேமை வெளிச்சத்தில் பிடித்தான்.
சப்பித் துப்பிய டொபி மாதிரி
மூக்குத் தேய்ந்திருந்தது.
"மேல எண்ணெ ஏறல்ல போல.
சைட் கவரையும் ஒருக்கா கழட்டிப் பாப்பமா?"
"வேண்டாம்," என்றேன் உடனே,
"அது கம்பனி பூட்டினது."

பிறகு, பேச்சை மாற்றத்தான் கேட்டேன்:
எப்படியும் திறந்தாச்சு,
கொஞ்சம் வேகமும் ஏற்றலாமா?

முதலாம் ஸ்டேஜ்.
புதுக் கேமோடு சைலன்சர், காற்று ஃபில்டர்,
காபரேட்டருக்கு ஒரு நம்பர் பெரிய ஜெட்.
விடிய ஐந்து மணிக்குக் களனிப் பாலத்தில்
ஆற்று வாடை ஹெல்மட்டுக்குள் ஏற
நூற்றுப் பதினெட்டு.
ஊருக்கு நூற்று முப்பது என்றேன்.
மூன்று மாதம் போனது.
டிக்.

இரண்டாம் ஸ்டேஜ்.
உயரத் தூக்கும் கேம், கனத்த ஸ்பிரிங்.
தாரணியின் காப்பொன்று அடைவுக்குப் போனது.
சொல்லிவிட்டுத்தான் கொண்டுபோனேன்.
சொன்ன விதத்தில்
அது மோட்டார் சைக்கிள் மாதிரி இல்லை.
ஏழு கிழமை.
டிக்.

இந்தமுறை நான் சும்மா இருக்கவில்லை.
ஜெட் வாங்கிய கடையில் சொன்னேன், போல்ட் கடையில் சொன்னேன்,
பிளேன்டி குடித்துக்கொண்டு யாரோ இருவருக்குச் சொன்னேன்:
றிம்சானின் கை சரியில்லை.
பெற்றோலையும் திட்டினேன்,
ஜப்பானையும் திட்டினேன்.
திட்டிவிட்டு அவனிடமே திரும்பிப் போனேன்,
கடன் சொல்ல வேறு ஆள் இல்லை.

மூன்றாம் ஸ்டேஜ்.
துளை பெருத்த சிலிண்டர், அடித்த பிஸ்டன்.
தொண்ணூறு வரைக்கும் அது சைக்கிள் இல்லை,
கோபம்.
ஐந்தாம் நாள் ஆமர் வீதியில், மழைக்குள்
கேம் இறுகியது, செயின் அறுந்தது,
பின்னால் வந்த பஸ்
என் பரம்பரை முழுவதையும் ஹோர்னில் விசாரித்தது.
தள்ளிக்கொண்டே வந்தேன்.

றிம்சான் என்னைக் கேட்கவில்லை.
சைட் கவரைக் கழற்றினான்.
எண்ணெய் போகும் துளைக்குள்
கிளச் கேபிளின் ஒற்றைக் கம்பியை விட்டுச் சுழற்றினான்.
வந்தது.
ஒரு நெல்மணியளவு, சிவப்பாய்,
றப்பர் மாதிரி நெளியும் ஒன்று.

"நான் பாவிக்கிற சிலிக்கன் சாம்பல் நெறம்," என்றான்.
அவ்வளவுதான் சொன்னான்.

வாங்கிய முதல் ஞாயிறு, மொட்டைமாடியில்,
ஒரு சொட்டு எண்ணெய் கசிந்ததற்கு
அந்தக் கவரை நானே கழற்றி
ஒரு டியூப் முழுக்கப் பிதுக்கிப் பூசினேன்.
சிவப்பு டியூப். கொதி தாங்கும் என்று போட்டிருந்தது.

கம்பனிக் கேமைப் போட்டான், பழைய ஜெட்டைப் போட்டான்.
கூலி வாங்கினான், வழமையான கூலி.
அந்த மணியைச் சீலைத் துண்டில் மடித்து
என் சட்டைப் பையில் வைத்தான்.

ஜெட் கடையிலிருந்து தொடங்கினேன்.
"அண்டைக்கு றிம்சானைப் பற்றிச் சொன்னது பிழை."
முதலாளி பில் எழுதிக்கொண்டே கேட்டார்:
"நீங்களா சொன்னது?
ஆரோ சொன்னாங்க, நெனவில்ல.
கை சரியில்லையாம், அதுதான் நெனவு."

வெளியே சைக்கிள் ஆறிக்கொண்டிருந்தது.
டிக் என்றது.
குனிந்து காதை வைத்தேன்.
சூடு இறங்கும் இரும்புதான்.
இன்னும் ஆறு கடை.